அளக்கும் கை

தவக்காலத்தின் பிற்பகுதியில் கல்லூரி ஆசிரியர்களின் மேசைமீது ஒரு குவியல் வந்து சேர்வது வழக்கம். இறுதியாண்டு மாணவ மாணவியர் எழுதிய தனியாய்வு அறிக்கைகள் அவை. 'புராஜெக்ட்' என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். நீலமும் கருஞ்சிவப்புமாக அட்டை கட்டி, முகப்பில் பொன்னெழுத்துப் பொறித்து, நன்றியுரையில் எல்லாம் வல்ல இறைவனை முதலிலும் வழிகாட்டி ஆசிரியரை அடுத்தும் வைத்துத் தொடங்கும் அந்த அறிக்கைகளின் முன் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும், தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்காக என் மனச்சான்றை ஆய்ந்து பார்க்கும்போதெல்லாம் அக்குவியலிலிருந்து ஒரே ஓர் அறிக்கை மட்டும் எழுந்து என்முன் வந்து நிற்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

தேர்வு விடைத்தாளைத் திருத்துவது ஒப்புநோக்க எளிய வேலை. எல்லாருக்கும் கேள்வி ஒன்று, விடைக்குறிப்பும் ஒன்று. தனியாய்வு அறிக்கையோ அப்படிப்பட்டதன்று. முப்பது மாணவர்கள் என்றால் முப்பது கேள்விகள். ஒருவர் உப்பளத் தொழிலாளரின் கூலியை ஆராய்வார். மற்றொருவர் பழைய கல்லறைக் கல்வெட்டுகளைப் படியெடுப்பார். இன்னொருவர் நூலகத்தை விட்டு வெளியே வராமலே உலகப் பொருளாதாரத்தைப் பேசுவார். இவர்கள் அனைவரையும் நூறு என்ற ஒரே அளவுகோலால் அளந்தாக வேண்டும். விடைக்குறிப்பு இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் ஆசிரியரின் விருப்பு வெறுப்புகள் ஓசையின்றி நுழைந்துவிடுகின்றன.

ஆய்வு செய்ய விரும்பும் இளைஞருக்குத் தூத்துக்குடியைப் போன்ற ஊர் கிடைப்பது அரிது. 1974இல் பெருந்துறைமுகம் ஆன துறைமுகம் ஒருபுறம். கண்ணுக்கெட்டும் தொலைவுவரை வெண்குவியல்களாக உப்பளங்கள் மறுபுறம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலார் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது இவ்வூரில்தான். மீன்வளக் கல்லூரி 1977இல் தொடங்கப்பட்டதும் இங்கேதான். கடற்கரையில் பத்து நிமிடம் நின்று கேள்வி கேட்கத் தெரிந்த மாணவருக்கு ஒரு நூலுக்குரிய செய்தி கிடைத்துவிடும். ஆனால் அப்படிக் கேட்டுவந்த செய்தியை எடைபோட நமக்குத் தெரிந்திருக்கிறதா என்பதே என் கேள்வி.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அந்த ஆண்டு என் கைக்கு வந்தவற்றில் இரண்டு அறிக்கைகள் அடுத்தடுத்து இருந்தன. முதலாவது துறைமுக வாணிபத்தைப் பற்றியது. எழுபது பக்கங்கள், வண்ண வரைபடங்கள், ஒழுங்கான அட்டவணைகள், பிழையற்ற நடை, இறுதியில் நீண்ட நூற்பட்டியல். இரண்டாவது சங்கு குளிக்கும் குடும்பங்களைப் பற்றியது. முப்பது பக்கங்கள்தாம். எழுதிய மாணவி கடற்கரைச் சிற்றூரைச் சேர்ந்தவள்; அவளுடைய தந்தையே சங்கு குளிப்பவர். ஜெராக்ஸ் கடையில் அவசரமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததால் பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப் பிழைகள். ளகரமும் ழகரமும் இடம் மாறிக் கிடந்தன. பேச்சு வழக்குச் சொற்கள் அப்படியே எழுத்தில் ஏறியிருந்தன. நூற்பட்டியலில் இரண்டே நூல்கள்.

முதலாவதற்கு எண்பத்தாறு மதிப்பெண் அளித்தேன். இரண்டாவதற்கு நாற்பத்தெட்டு. சிவப்பு மையால் பிழைகளைச் சுழித்துக்கொண்டே போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓரிடத்தில், 'முடிவு தெளிவாக இல்லை' என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன். இரண்டையும் படித்து முடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுதுகூட ஆகவில்லை.

தேர்வு முடிவுகள் வந்தன. கோடை கழிந்தது. ஆகஸ்டு 5ஆம் நாள், பனிமய மாதா பேராலயத் திருவிழா. திருப்பலி முடிந்து கூட்டத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டை அணிந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி என் அருகில் வந்தார். தம் மகளின் பெயரைச் சொன்னார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"சார், தப்பா நெனைக்கக் கூடாது. பிள்ள ஒரு மாசமா எங்கிட்டதான் கேட்டுக் கேட்டு எழுதுனா. நாந்தான் ஏதும் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டனோ?"

மதிப்பெண்ணைக் கூட்டித் தரும்படி அவர் கேட்கவில்லை. என்மீது குறையும் சொல்லவில்லை. கடலின் அடித்தரையை ஆயுள் முழுதும் கையால் தடவி அறிந்த மனிதர், தம் அறிவு பிழையானதோ என்று என்னிடம் கேட்டார். ஏதோ மழுப்பலாகச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் துறை அலமாரியிலிருந்து அந்த அறிக்கையை எடுத்து மீண்டும் படித்தேன். இம்முறை எழுத்துப் பிழைகளைத் தாண்டிப் படித்தேன். கரையிலுள்ள ஆலயக் கோபுரத்தையும் வேறோர் அடையாளத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் குறிக்கும் முறையை அவள் விளக்கியிருந்தாள். எந்தக் காற்றில் நீர் கலங்கும், நீவாடு எந்தப் பக்கம் இழுத்தால் குளிப்பது வீண் என்பதையெல்லாம் வரிசைப்படுத்தியிருந்தாள். நீரோட்டத்தைத்தான் நம் கடற்கரை மக்கள் நீவாடு என்கிறார்கள். நான் அந்தச் சொல்லைப் பிழையென்று சுழித்திருந்தேன். ஒரு பாரில் சங்கு குறைந்துபோனதற்கான காரணத்தை மூத்தவர் இருவரிடம் கேட்டிருக்கிறாள். இருவரும் இருவேறு காரணம் சொன்னார்கள். மூன்றாம் ஒருவரைத் தேடிச் சென்று கேட்டிருக்கிறாள். அவர் சொன்னது இரண்டுக்கும் பொருந்தவில்லை. மூன்றையும் அப்படியே பதிவு செய்துவிட்டு, தனக்குக் கிடைத்த சான்றுகளைக் கொண்டு எது சரி என்று சொல்ல முடியவில்லை என எழுதியிருந்தாள். 'முடிவு தெளிவாக இல்லை' என்று நான் எழுதியது அந்தப் பக்கத்தில்தான்.

உண்மையான ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் சான்றின் எல்லையை அறிந்து நின்ற இடம் அது. அதைக் குறையென்று கருதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன்.

எழுபது பக்க அறிக்கையின் கதை அடுத்த ஆண்டு வெளிவந்தது. வேறோர் ஊரில் பணியாற்றிய நண்பர் காட்டிய பழைய அறிக்கை ஒன்றில் அதன் பெரும்பகுதி சொல்லுக்குச் சொல் இருந்தது. ஆண்டும் சில எண்களும் மட்டும் மாற்றப்பட்டிருந்தன. அதை எழுதிக் கொடுத்த மாணவனை நான் முழுமையாகக் குறை சொல்ல மாட்டேன். பளபளப்புக்குப் பரிசு உண்டு என்பதை என்போன்ற ஆசிரியர்களிடம்தான் அவன் கற்றிருப்பான்.

அந்த மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்த வழியுண்டா என்று கேட்டுப் பார்த்தேன். பட்டம் வழங்கப்பட்டுவிட்டது; இனி எதுவும் செய்வதற்கில்லை என்றார்கள். மொத்தத்தில் முதல் வகுப்புக்கு நான்கு மதிப்பெண் அவளுக்குக் குறைந்திருந்தது. மேற்படிப்புக்கு அவள் விண்ணப்பித்த இடத்தில் முதல் வகுப்பு வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு அவள் சேரவில்லை, பிறகும் சேரவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். தந்தையும் மகளும் இருந்தார்கள். தவறு அவர் சொன்னதிலும் இல்லை, அவள் எழுதியதிலும் இல்லை, என் படிப்பில்தான் என்று சொன்னேன். தந்தையின் முகம் தெளிந்தது. மகள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா மூணு பேரும் சொன்னதை அப்படியே எழுதுனது சரிதானா சார்?" என்று கேட்டாள். அந்த அறிக்கையிலேயே சிறந்த பக்கம் அதுதான் என்றேன். "அதை எழுதத்தான் சார் பயமா இருந்துச்சு" என்றாள். அவளுடைய இழப்புக்கு என் மன்னிப்பு ஈடாகாது என்பதை இருவரும் அறிந்திருந்தோம். இருந்தும் காப்பி கொடுத்தே அனுப்பினார்கள்.

அதன்பின் எஞ்சிய ஆண்டுகளில், எப்படி அளப்பது என்பதை நான் மீண்டும் கற்கத் தொடங்கினேன். எனக்குத் துணையாக வந்தவை நம் கடற்கரையின் பழைய தொழில்களே.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், எடுத்த முத்துகளை முதலில் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். இருபது துளைகள் உள்ள சல்லடையில் தொடங்கி, முப்பது, ஐம்பது, எண்பது, நூறு என்று வளர்ந்து, ஆயிரம் துளைகள் உள்ளதோடு முடியும் பத்துச் சல்லடைகள். அவை பருமனை மட்டுமே பிரிக்கும். அதன்பின் ஒவ்வொரு பிரிவையும் துணியில் பரப்பி, உருட்சியையும் ஒளியையும் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். இரண்டிலும் குறையற்றதே ஆணிமுத்து. பெரிதாயிருந்தும் ஒளியற்றது விலை போகாது. சிறிதாயிருந்தும் ஒளியுள்ளது தனக்குரிய விலையைப் பெறும். நான் செய்த பிழை, சல்லடையோடு நிறுத்திக்கொண்டதுதான். பக்கங்களின் எண்ணிக்கை, அட்டை, நடை, நூற்பட்டியல் ஆகியவை சல்லடைத் துளைகள். அவை தேவைதான், ஆனால் ஒளியைப் பார்ப்பது அவற்றின் வேலையன்று.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், இறைவனுக்கு அளித்த அணிகலன்களைக் குறிக்கும்போது அவற்றில் பதித்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி என்று வகை வகையாகப் பெயர் சொல்லி எண்ணுகின்றன. எடையைக் கழஞ்சிலும் மஞ்சாடியிலும் குறிக்கின்றன. நல்ல முத்து என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் கொடுத்தவருக்கும் காப்பவருக்கும் பின்வருபவருக்கும் கணக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் குணத்தையும் குறையையும் தனித்தனியே பெயரிட்டுக் கல்லில் வெட்டினார்கள். மதிப்பெண்ணும் அப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே அடுத்த ஆண்டு முதல், ஆய்வு தொடங்கும் நாளிலேயே மாணவர்களிடம் அளவைச் சொல்லிவிட்டேன். கேள்வியைத் தெளிவாக அமைத்ததற்கு இருபது. சான்று தேடியதற்கு முப்பது. அச்சான்றைக் கொண்டு சிந்தித்ததற்கு முப்பது. எழுதிய முறைக்கு இருபது. மொழிப்பிழைக்கு மதிப்பெண் குறையும். ஆனால் அந்த இருபதுக்குள் மட்டுமே குறையும். ளகர ழகரப் பிழை, ஒருவருடைய சிந்தனையின் மதிப்பைத் தொடக் கூடாது.

அறிக்கைகளை ஒருமுறை மதிப்பெண் இடாமலே முழுவதும் படித்து வைத்தேன். பிறகு எல்லா அறிக்கைகளிலும் சான்றை மட்டும் பார்த்து மதிப்பெண் இட்டேன். அடுத்து எல்லாவற்றிலும் சிந்தனையை மட்டும். ஒன்றின் பளபளப்பு மற்றொன்றின்மீது நிழல் விழச் செய்வது இதனால் குறைந்தது. வழிகாட்டிய ஆசிரியரே தனி நீதிபதியாக இருக்கக் கூடாது என்பதால் மற்றோர் ஆசிரியர் தனியே படித்து மதிப்பெண் இடும்படி செய்தோம். இருவருக்கும் பெரிய வேறுபாடு வந்தால், கூட்டிச் சரிபாதியாக்குவதற்குமுன் இருவரும் உட்கார்ந்து காரணத்தைப் பேசினோம். என் மதிப்பெண் தவறு என்று அங்கே நான் உணர்ந்த நாள்கள் உண்டு.

களக்குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். உப்புத் தண்ணீர் பட்டு மடங்கிய ஏடும், அடித்துத் திருத்திய வரிகளும், தேதியும் இடமும் எழுதிய ஓரங்களும் அச்சிட்ட அறிக்கை சொல்லாததைச் சொல்லிவிடும். வாய்மொழித் தேர்வில் மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்விகளை விட்டுவிட்டு, "எந்த இடத்தில் திகைத்து நின்றாய்? அப்போது என்ன செய்தாய்?" என்று கேட்கத் தொடங்கினேன். தானே தேடியவருக்கு அந்தக் கேள்வி மகிழ்ச்சி தரும், கண்கள் ஒளிரும். பிறர் எழுதியதைக் கொண்டுவந்தவர் நன்றியுரையை நோக்கித் திரும்புவார்.

இக்காலத்தில் இது இன்னும் தேவையாகியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி ஆய்வேடுகளைக் கணினியில் இட்டு, பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் அளவைக் கணக்கிடுகிறார்கள். பத்து விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் படிப்படியாக உண்டு. அறுபதைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அதுவும் ஒரு சல்லடையே. சொற்கள் ஒத்திருக்கின்றனவா என்று அது பார்க்கும். கடலில் இறங்கியவர் யார் என்று அதற்குத் தெரியாது. கேட்ட மாத்திரத்தில் பிழையற்ற கட்டுரையை எழுதித் தரும் கணினிச் செயலிகளும் இன்று மாணவர் கைபேசியில் வந்துவிட்டன. நடையின் மெருகுக்காக மதிப்பெண் அளிக்கும் ஆசிரியர், இனி அந்தச் செயலிக்கே மதிப்பெண் அளித்தவர் ஆவார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அந்த நிகழ்ச்சிக்குப் பின் சில காலம் நான் மறுபக்கம் சாய்ந்தேன். மீனவர் வீட்டுப் பிள்ளை, உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்றால் கை தானே தாராளமாயிற்று. ஒருநாள் லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தைப் படித்தபோது திடுக்கிட்டேன். தீர்ப்பு வழங்கும்போது பெரியோருக்கு அஞ்சிச் சாயக் கூடாது என்று சொல்லும் அதே இடத்தில், எளியவர் என்பதற்காகவும் சாயக் கூடாது என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார். எளியவருக்கு நான் செய்ய வேண்டியது வேறு: ஆய்வு நடக்கும் மாதங்களில் கூடுதல் நேரம் கொடுப்பது, நூல் தேடித் தருவது, வரைவை முன்கூட்டியே படித்துத் திருத்துவது. உதவிக்குரிய காலம் அது. அளக்கும் நேரத்தில் இரக்கத்தைத் தராசில் ஏற்றினால், அந்தப் பிள்ளையின் உண்மையான உழைப்பையும் நான் ஐயத்துக்கு உள்ளாக்குகிறேன்.

தாலந்து உவமையையும் இவ்வாறே மீண்டும் படித்தேன். ஐந்து தாலந்து பெற்றவர் மேலும் ஐந்து ஈட்டினார். இரண்டு பெற்றவர் மேலும் இரண்டு ஈட்டினார். தலைவர் இருவரையும் ஒரே சொற்களால் பாராட்டுகிறார். ஈட்டிய தொகையை மட்டும் அவர் பார்த்திருந்தால் இரண்டாமவருக்குக் குறைவான பாராட்டே கிடைத்திருக்கும். மண்ணில் புதைத்து வைத்தவரையோ எவ்வகையிலும் அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. அளவு நேர்மையாக இருந்தால் அது கனிவும் கண்டிப்பும் உடையதாகவே இருக்கும்.

அப்படியானால் குறைபாடுள்ள அறிக்கையை என்ன செய்வது? சங்கு குளிப்பில் ஒரு வழக்கம் இருந்தது. எடுத்து வந்த சங்குகளை ஒரு துளையில் இட்டு அளப்பார்கள். உரிய பருமன் அடையாதவை துளை வழியே விழுந்துவிடும். அவற்றை வீணென்று எறியாமல், உயிரோடு கடலுக்கே திருப்பி விடுவார்கள், வளரட்டும் என்று. அதை நினைத்து, வளராத அறிக்கைகளை நாங்களும் காரணத்தை எழுதித் திருப்பிக் கொடுத்தோம். குறை எது, எப்படிச் சரி செய்யலாம், எத்தனை நாளில் மீண்டும் தர வேண்டும் என்று தெளிவாக எழுதினோம். 'திருப்தி இல்லை' என்ற இரண்டு சொற்களைவிட அது எங்களுக்கு அதிக உழைப்பு. ஆனால் அவ்வாறு திரும்பி வந்தவற்றில் பல, மிக நல்லவையாக வந்தன.

நம் கடற்கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பணியாற்றிய அண்டிரிக் அடிகளாரை நினைத்துக்கொள்கிறேன். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் தந்தவர். 1600இல் இறைவனடி சேர்ந்து தூத்துக்குடியில் அடக்கமானவர். அவர் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் ஒன்று உண்டு. நூல்களை மட்டும் பார்த்து எழுதியதன்று. இக்கடற்கரை மக்கள் பேசியதைக் காதால் கேட்டு எழுதியது. நன்னூல் கற்ற ஒரு தேர்வாளரின் கையில் அது அன்று கிடைத்திருந்தால் எத்தனை சிவப்புச் சுழிகள் விழுந்திருக்கும்! ஆனால் நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைக் காட்டுவதாலேயே அறிஞர்கள் இன்று அதைப் போற்றிப் படிக்கிறார்கள். 2013இல் அது ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தது. 'நீவாடு' என்ற சொல்லைச் சுழித்த என் பேனாவை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பெற்றோராகிய வாசகர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை ஆய்வு அறிக்கை எழுதும்போது அட்டையின் நிறத்தையும் பக்கத்தின் எண்ணிக்கையையும் கேட்காதீர்கள். யாரிடம் போய் என்ன கேட்டாய் என்று கேளுங்கள். நீங்களே அறிந்தது ஒன்று இருந்தால், படிக்காதவன் சொல்வது அறிக்கையில் ஏறுமா என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதை மதிக்கத் தெரிய வேண்டியது எங்கள் பொறுப்பு.

அந்த முப்பது பக்க அறிக்கையின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு தவக்காலத்திலும் அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்து இன்னும் மங்கவில்லை. அதன்கீழ் பிற்பாடு நீல மையால் எழுதினேன்: 'தெளிவாக இல்லாதிருந்தது என் பார்வை.' ஆலய முற்றத்தில் கைகட்டி நின்று அந்த மனிதர் கேட்ட கேள்வியை, இறுதி நாளில் ஆண்டவர் என்னிடம் வேறு சொற்களில் கேட்கக் கூடும். அதற்குள் சரியாக அளக்கக் கற்றுக்கொள்ள எனக்குக் கிடைத்த ஆண்டுகளுக்காக அவருக்கு நன்றி சொல்கிறேன்.